அப்லோட் கோப்புகள்: எங்கே வைப்பது, எப்படிக் கொடுப்பது? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன. பயனர்கள் ஏற்றும் படம், பிடிஎஃப், வீடியோ ஆகியவற்றை வெப் ஆப்பின் ஃபோல்டருக்கு வெளியே வைத்துவிட்டு, பிரவுசருக்கு எப்படிக் காட்டுவது? பதில்களில் /டேட்டா/அப்லோட்ஸ் என்று வருமிடமெல்லாம் அப்படி வெளியே இருக்கும் உங்கள் கிடங்கு என்று கொள்க. கட்டளைகளை உச்சரிப்பின்படி அச்சிட்டிருக்கிறோம்.

கேள்வி: டாம்கேட்டில் (ஜாவா வெப் ஆப்களை ஓட்டும் சர்வர்) புதிய வார் கோப்பை (ஆப் மொத்தத்தையும் அடக்கிய பொதி) போடும் ஒவ்வொரு முறையும் பயனர்கள் ஏற்றிய படங்கள் மொத்தமும் காணாமல் போகின்றன. டேட்டாபேஸில் பெயர்கள் மட்டும் மிஞ்சுகின்றன. ஏன்?

பதில்: வார் பிரித்து விரிக்கப்பட்ட ஃபோல்டருக்குள்ளேயே படங்களை எழுதுகிறீர்கள். அந்த ஃபோல்டர் டாம்கேட்டின் சொத்து. வெப்ஆப்ஸுக்குள் விரிந்து கிடப்பது வாரின் நகல்தான். புதிய வார் வந்ததும் பழைய நகலைத் துடைத்துவிட்டு மறுபடி விரிக்கும். நீங்கள் இடையில் சேர்த்த படங்கள் வாரில் இல்லை, ஆகவே திரும்பி வர வழியும் இல்லை.

பெரும்பாலும் இதற்குக் காரணம் கெட்-ரியல்-பாத் என்ற மெத்தட். ஆப்பின் ஃபோல்டர் வட்டில் எங்கே இருக்கிறது என்று அது சொல்லும். உடனே அங்கேயே எழுதத் தோன்றும். வாரை விரிக்காமலே ஓட்டும்படி சர்வரை அமைத்திருந்தால் அதே மெத்தட் நல் (வெற்று மதிப்பு) தரும், அன்றைக்கு அப்லோட் மொத்தமும் நிற்கும். எழுதுவதற்கான இடத்தைக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

அதற்காக "அப்லோட்ஸ்/படம்" என்று சார்புப் பாதையும் எழுதாதீர்கள். சார்புப் பாதை எதைச் சார்ந்தது? சர்வர் புரோசஸ் எந்த ஃபோல்டரில் நின்று தொடங்கியதோ அதை. எடிட்டரிலிருந்து ஓட்டினால் ஓரிடம், சர்வீஸாக ஓட்டினால் வேறிடம். முழுப் பாதையாக வையுங்கள். அதையும் நிரலில் எழுதாமல் சூழல் மாறியிலோ அமைப்புக் கோப்பிலோ வைத்து, ஆப் எழும்போதே அந்த ஃபோல்டர் இருக்கிறதா, எழுத முடிகிறதா என்று சோதியுங்கள். இல்லையென்றால் ஆப் எழக்கூடாது. முதல் பயனர் வந்து கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆப்பைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து டாக்கரில் ஓட்டுபவர்களுக்கும் இதே கதைதான். கன்டெய்னருக்குள் எழுதியது கன்டெய்னரை நீக்கும்போது போய்விடும். /டேட்டா/அப்லோட்ஸை வால்யூமாக (கன்டெய்னருக்கு வெளியே நிலைக்கும் இடமாக) மவுன்ட் செய்யுங்கள். கன்டெய்னருக்குள் ஓடும் யூசரின் எண்ணும் வெளியே அந்த ஃபோல்டரின் உரிமையாளர் எண்ணும் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். லினக்ஸுக்குப் பெயர் முக்கியமில்லை, எண்தான் கணக்கு.

கேள்வி: சரி, வெளியே எடுத்துவிட்டோம். இப்போது எந்த யூஆர்எல் கொடுத்தும் படம் வரவில்லை. இமேஜ் டேகில் /டேட்டா/அப்லோட்ஸ் பாதையையே கொடுத்தும் பார்த்தோம்.

பதில்: அது சர்வரின் வட்டில் உள்ள பாதை. பிரவுசருக்கு வட்டு தெரியாது, யூஆர்எல் மட்டுமே தெரியும். ஒரு யூஆர்எல் கேட்கப்பட்டால் எந்தக் கோப்பை எடுத்துத் தருவது என்று யாராவது சர்வருக்குச் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று இடங்கள் உண்டு.

முதலாவது, டாம்கேட்டே சொல்லிவிடலாம். கான்ஃப் ஃபோல்டருக்குள் கேட்டலினா, அதற்குள் லோக்கல்ஹோஸ்ட். அங்கே "படங்கள்" என்ற பெயரில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு வைத்து, கான்டெக்ஸ்ட் டேகின் டாக்பேஸில் /டேட்டா/அப்லோட்ஸ் என்று குறித்தால் போதும். கோப்பின் பெயரே யூஆர்எல்லின் முதல் பகுதியாகிவிடும். அதற்குள் பாத் என்று எழுதினாலும் டாம்கேட் கண்டுகொள்ளாது. ஏற்கெனவே உள்ள ஆப்பின் யூஆர்எல்லுக்குக் கீழேயே வேண்டுமென்றால், டாம்கேட் 8 முதல் ரிசோர்சஸ் டேகுக்குள் போஸ்ட்-ரிசோர்சஸ் இருக்கிறது. டாம்கேட் 7இல் இதற்கு அலியாசஸ் என்ற பண்பு இருந்தது. பழைய குறிப்புகளைப் பார்த்து அதை 8இல் எழுதினால் வேலை செய்யாது.

இந்த வழியில் ஒரு பொறி இருக்கிறது. டாம்கேட்டின் பார்வையில் அதுவும் ஒரு முழு வெப் ஆப். யாராவது ஜேஎஸ்பி கோப்பை (சர்வரில் ஓடும் ஜாவா நிரல் கொண்ட பக்கம்) ஏற்றி, அதன் யூஆர்எல்லைத் திறந்தால் டாம்கேட் அதை இயக்கும். கிடங்கை வெளியே வைத்துவிட்டோம், பாதுகாப்பு வந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். வட்டில் சேரும் பெயரையும் நீட்சியையும் பயனர் தீர்மானிக்காமல் நீங்கள் தீர்மானித்தால்தான் இந்த வழி சரி.

இரண்டாவது, டாம்கேட்டுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் நிற்கிறதென்றால் அதையே கொடுக்கச் சொல்வது. லொகேஷன் /படங்கள்/ என்று திறந்து, உள்ளே அலியாஸ் /டேட்டா/அப்லோட்ஸ்/ என்று இரண்டு வரி. எல்லாருக்கும் திறந்திருக்கும் படங்களுக்கு எங்கள் தேர்வு இதுதான். ஆப்பைத் தொடவே தொடாது, ஜேஎஸ்பியை இயக்கவும் அதற்குத் தெரியாது.

மூன்றாவது, உங்கள் நிரலே கோப்பைத் திறந்து அனுப்புவது. யார் பார்க்கலாம் என்ற கேள்வி வந்தவுடன் இங்கேதான் வர வேண்டியிருக்கும். அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

கேள்வி: என்ஜின்எக்ஸில் ரூட், அலியாஸ் என்று இரண்டு இருக்கின்றன. ரூட் போட்டால் 404 (கோப்பு இல்லை) வருகிறது.

பதில்: ரூட் என்பது கேட்ட யூஆர்எல்லை முழுதாகப் பின்னால் ஒட்டும். ரூட் /டேட்டா/அப்லோட்ஸ் என்று எழுதி /படங்கள்/1 கேட்டால், /டேட்டா/அப்லோட்ஸ்/படங்கள்/1 என்று தேடும். அலியாஸ், லொகேஷனில் பொருந்திய பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை ஒட்டும். சந்தேகம் வந்தால் எரர் லாகைப் பாருங்கள். எந்த முழுப் பாதையைத் திறக்கப் போய்த் தோற்றது என்று அதிலேயே இருக்கும்.

அலியாஸ் போடும்போது இரண்டு பக்கமும் சாய்கோட்டில் முடியுங்கள். லொகேஷன் /படங்கள் என்று கோடில்லாமலும், அலியாஸ் மட்டும் கோட்டோடும் இருந்தால், /படங்கள்../ரகசியம் என்று ஒருவர் கேட்கலாம். பொருந்திய பகுதியை வெட்டினால் மிஞ்சுவது ../ரகசியம். அது அலியாஸுக்குப் பின்னால் ஒட்டி, கிடங்கின் மேல் ஃபோல்டரைத் திறந்துவிடும். ஒரு சாய்கோடு குறைந்ததற்கு இவ்வளவு விலை.

கேள்வி: இதெல்லாம் எதற்கு? ஆப் ஃபோல்டருக்குள் ஒரு சிம்லிங்க் (வேறிடத்தைச் சுட்டும் இணைப்பு) போட்டால் ஆகாதா?

பதில்: டாம்கேட் முன்னிருப்பாக ஃபோல்டருக்கு வெளியே போகும் சிம்லிங்கைப் பின்தொடராது, அலவ்-லிங்கிங் என்ற அமைப்பைத் திறக்க வேண்டும். விண்டோஸில் அதைத் திறக்கவே கூடாது என்று டாம்கேட்டின் ஆவணம் எச்சரிக்கிறது: பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சோதனை நின்றுபோய் ஜேஎஸ்பியின் மூல நிரல் வெளியே தெரியும். தவிர, அடுத்த வார் விரியும்போது சிம்லிங்கும் போய்விடும். மேலே சொன்ன கான்டெக்ஸ்ட் ஒரே வரி வேலை.

கேள்வி: /டேட்டா/அப்லோட்ஸுக்கு 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்தும் பெர்மிஷன் டினைடு வருகிறது. இதற்கு மேல் என்ன கொடுப்பது?

பதில்: கொடுத்த 777ஐ முதலில் திரும்ப எடுங்கள். அது சிக்கலைத் தீர்க்காது, மறைக்கும்.

ஒரு கோப்பைத் திறக்க, வட்டின் உச்சி ஃபோல்டரிலிருந்து அதுவரை உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் சர்வரின் யூசருக்கு எக்ஸ் பெர்மிஷன் (கடந்து உள்ளே செல்லும் அனுமதி) வேண்டும். கடைசி ஃபோல்டரை மட்டும் திறந்து வைத்தால், வாசலைப் பூட்டிவிட்டு உள்ளறையைத் திறந்து வைத்த மாதிரி. "நேம்ஐ -எல்" என்று தட்டி முழுப் பாதையைக் கொடுங்கள். ஒவ்வொரு படிக்கும் உரிமையாளர், பெர்மிஷன் இரண்டையும் வரிசையாகக் காட்டும். எந்தப் படியில் எக்ஸ் இல்லையோ அங்கேதான் சிக்கல். கிடங்கை யாராவது ஒருவரின் ஹோம் ஃபோல்டருக்குள் வைத்திருந்தால் அநேகமாக அந்தப் படிதான்: உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்கள் 750 பெர்மிஷனோடு பிறக்கின்றன. ஹோமை 777 ஆக்கி இதைத் தீர்க்கப் போனால், அந்த யூசரின் எஸ்எஸ்எச் சாவியை சர்வர் ஏற்க மறுக்கும். அப்புறம் உள்ளே நுழைவதே பாடாகிவிடும். கிடங்கை ஹோமிலிருந்து வெளியே எடுங்கள்.

பாதை முழுக்கச் சரி, இன்னும் மறுக்கிறதா? ரெட்ஹேட், ஃபெடோரா வகையென்றால் எஸ்ஈலினக்ஸ் (லேபிளைப் பார்த்து அனுமதிக்கும் கூடுதல் காவல்). "எல்எஸ் -இசட்" கட்டளை கோப்பின் லேபிளைக் காட்டும். வெப் சர்வர் படிக்க எச்டிடிபிடி-சிஸ்-கன்டென்ட் வகை லேபிளும், எழுதவும் வேண்டுமென்றால் அதன் ஆர்டபிள்யூ வகையும் தேவை. சிஎச்கான் கொண்டு ஒட்டினால் அப்போதைக்கு வேலை செய்யும். கோப்பு முறைமையை மறுலேபிள் செய்தால் உதிர்ந்துவிடும். செமனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் மூலம் விதியாக எழுதிவிட்டு, ரெஸ்டோர்கான் ஓட்டுவதுதான் நிலையான வழி. எஸ்ஈலினக்ஸையே அணைத்துவிடச் சொல்லும் யோசனைகள் நிறையக் கிடைக்கும்; நாங்கள் தர மாட்டோம்.

டெபியன், உபுண்டுவின் டாம்கேட் 9 பேக்கேஜில் இன்னொரு கூத்து. படிக்க முடியும், எழுதப்போனால் "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்பான். வட்டைச் சந்தேகப்பட வேண்டாம். அந்த சர்வீஸை, சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஒரு கூண்டுக்குள் வைத்து ஓட்டுகிறது; குறிப்பிட்ட சில ஃபோல்டர்களைத் தவிர எல்லாம் அதற்குப் படிக்க மட்டுமே. "சிஸ்டம்சிடிஎல் எடிட் டாம்கேட்9" என்று திறந்து, சர்வீஸ் பகுதியில் ரீட்-ரைட்-பாத்ஸ் வரியில் உங்கள் கிடங்கைச் சேர்த்து, சர்வீஸை மறுபடி தொடங்குங்கள்.

எல்லாம் முடிந்தபின் கிடங்கின் உரிமையாளர் ஆப் ஓடும் யூசராகவும், குழு என்ஜின்எக்ஸ் ஓடும் யூசரின் குழுவாகவும், பெர்மிஷன் ஃபோல்டருக்கு 750, கோப்புக்கு 640 ஆகவும் இருந்தால் போதும்.

கேள்வி: எங்கள் கோப்புகளை லாகின் செய்தவர், அதிலும் அந்தக் கோப்புக்கு உரியவர் மட்டுமே பார்க்க வேண்டும். நிரலில் கோப்பைப் படித்து அனுப்புகிறோம். பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் எடுத்தால் சர்வர் மெமரி இல்லாமல் விழுகிறது.

பதில்: ரீட்-ஆல்-பைட்ஸ் போன்ற ஒன்றால் கோப்பு முழுவதையும் மெமரிக்குள் இழுக்கிறீர்கள் போலிருக்கிறது. 200 எம்பி கோப்பை 20 பேர் எடுத்தால் 4 ஜிபி. கோப்பிலிருந்து பதிலின் ஸ்ட்ரீமுக்குச் சிறுசிறு துண்டாக நகர்த்துங்கள். 8 கேபி பஃபரே போதும். ஜாவாவில் ஃபைல்ஸ்-காப்பி இதைச் செய்துவிடும். பிஎச்பியில் ரீட்ஃபைல் துண்டு துண்டாகத்தான் அனுப்பும். ஆனால் அவுட்புட் பஃபரிங் திறந்திருந்தால் அத்தனையும் அங்கே போய்க் குவியும். முதலில் அதை மூடுங்கள்.

மெமரி தீர்ந்தாலும் அடுத்தது வரும். மெதுவான இணைப்பில் ஒருவர் அரை மணி நேரம் எடுத்தால், அந்த அரை மணியும் ஒரு த்ரெட் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் சர்வரின் வேலையாள்) அவருக்கே. டாம்கேட்டின் முன்னிருப்பு உச்சம் 200 த்ரெட். 200 மெதுவான பயனர்கள் சேர்ந்தால் லாகின் பக்கம்கூட வராது.

எனவே வேலையைப் பிரியுங்கள். யார் பார்க்கலாம் என்று தீர்மானிப்பது ஆப். கோப்பைச் சுமப்பது என்ஜின்எக்ஸ். ஆப் சோதனை முடித்ததும் உடல் இல்லாத பதிலில் எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட் என்ற ஹெடரை (பதிலின் தலைக்குறிப்பை) மட்டும் அனுப்பும்; அதன் மதிப்பு, உதாரணமாக, /உள்வழி/3f என்று தொடங்கும் ஒரு பாதை. என்ஜின்எக்ஸில் /உள்வழி/ லொகேஷனுக்கு இன்டர்னல் என்ற ஒரு சொல்லும், கிடங்கைக் காட்டும் அலியாஸும் இருக்கும். ஹெடரைப் பார்த்ததும் என்ஜின்எக்ஸ் தானே கோப்பை எடுத்து அனுப்பத் தொடங்கும். ஆப்பின் த்ரெட் அப்போதே விடுதலை. வெளியிலிருந்து யாராவது /உள்வழி/ என்று நேராகக் கேட்டால் 404தான். இன்டர்னல் என்ற சொல்லை மறந்தால் நீங்கள் வைத்த காவல் மொத்தமும் வீண். ஆகவே அமைத்து முடித்ததும், லாகின் இல்லாத பிரவுசரில் அந்தப் பாதையை நேராகக் கேட்டுப் பாருங்கள்.

இதில் வழக்கமாக இடறுமிடங்கள் மூன்று. ஹெடரில் வட்டின் பாதையை எழுதிவிடுவது முதல் தவறு. என்ஜின்எக்ஸ் கேட்பது யூஆர்எல்லை. அப்பாச்சியில் எக்ஸ்-சென்ட்ஃபைல் மாட்யூல் என்றால் நேர்மாறு: அங்கே வட்டின் பாதைதான், அந்த ஃபோல்டரை எக்ஸ்-சென்ட்ஃபைல்-பாத்தில் முன்பே அனுமதித்திருக்கவும் வேண்டும். அடுத்தது, ஆப் அனுப்பும் கன்டென்ட்-டைப்பை என்ஜின்எக்ஸ் அப்படியே வைத்துக்கொள்ளும். பிஎச்பி எதுவும் சொல்லாவிட்டால் டெக்ஸ்ட்-எச்டிஎம்எல் என்று அனுப்பிவிடும். படம் எழுத்துக் குப்பையாகத் தெரிவது அதனால்தான். கடைசியாக, இடைவெளியோ தமிழோ உள்ள பெயர் என்றால் ஹெடரில் சதவீதக் குறியாக்கம் செய்து அனுப்ப வேண்டும், என்ஜின்எக்ஸ் 1.5.9 முதல் அப்படித்தான் எதிர்பார்க்கிறது.

இத்தகைய கோப்புகளுக்கு கேஷ்-கன்ட்ரோலில் பிரைவேட் அல்லது நோ-ஸ்டோர் எழுத மறக்காதீர்கள். இல்லையெனில் இடையில் நிற்கும் ஏதாவது ஒரு கேஷ், ஒருவரின் கோப்பை அடுத்தவருக்கு நீட்டக்கூடும்.

கேள்வி: யூஆர்எல்லில் வரும் பெயரில் "../" இருந்தால் நீக்கிவிடுகிறோம். இது போதுமா?

பதில்: போதாது. "....//" என்று அனுப்பிப் பாருங்கள். நடுவிலுள்ள "../" நீங்கினால் மிஞ்சுவது இன்னொரு "../". சதவீதக் குறியாக்கம், அதற்கு மேல் இன்னொரு சுற்றுக் குறியாக்கம், விண்டோஸில் பின்சாய்கோடு என்று இந்தப் பட்டியல் நீளும். கெட்டதைத் தேடி நீக்கும் வழியில் நீங்கள் எப்போதும் ஒரு அடி பின்னால்தான்.

பாதையைக் கணக்கிட்டு முடித்தபின், அது கிடங்குக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஜாவாவில் அடிப்படைப் பாதையோடு ரிசால்வ் செய்து, நார்மலைஸ் செய்து, பிறகு ஸ்டார்ட்ஸ்-வித். இந்த ஸ்டார்ட்ஸ்-வித்தை சரத்தின் மேல் ஓட்டாதீர்கள். /டேட்டா/அப்லோட்ஸ் என்று தொடங்குகிறதா என்று சரத்தைக் கேட்டால், /டேட்டா/அப்லோட்ஸ்-பழையதும் ஆம் என்றே சொல்லும். பாத் பொருளின் ஸ்டார்ட்ஸ்-வித் ஃபோல்டர் ஃபோல்டராக ஒப்பிடும். ஜாவாவின் ரிசால்வ், பைத்தானின் ஜாயின் இரண்டுக்கும் இன்னொரு குணம் உண்டு: பயனர் தந்த பெயர் சாய்கோட்டில் தொடங்கினால், உங்கள் அடிப்படைப் பாதையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பயனருடையதையே திருப்பித் தரும். கிடங்குக்குள் சிம்லிங்குகள் இருக்க வாய்ப்பிருந்தால் நார்மலைஸ் போதாது, டு-ரியல்-பாத் வேண்டும்.

ஆனால் பயனர் தரும் பெயர் வட்டுப் பாதையில் நுழையவே வேண்டாம் என்பதுதான் எங்கள் பரிந்துரை. யூஆர்எல்லில் ஒரு அடையாள எண். டேட்டாபேஸில் அந்த எண்ணுக்கு எதிரே பயனர் வைத்த பெயர், நீங்கள் உறுதிசெய்த வகை, அளவு, உரியவர், வட்டில் உள்ள பெயர். வட்டில் உள்ள பெயர் நீங்கள் உருவாக்கிய தற்போக்கான யூயூஐடி (16 வகை எழுத்துகளால் ஆன நீண்ட அடையாளம்). அதன் முதல் இரண்டு எழுத்துகளைத் துணை ஃபோல்டராக்கினால் 256 ஃபோல்டர்கள். அடுத்த இரண்டையும் சேர்த்தால் 65,536. ஒரே ஃபோல்டரில் பத்து லட்சம் கோப்பு கிடந்தாலும் இக்காலக் கோப்பு முறைமைகள் தாங்கும். தாங்காமல் திணறுவது பட்டியல் எடுக்கும் கட்டளைகளும் பேக்கப் கருவிகளும்தான்.

கேள்வி: தமிழில் பெயரிட்ட கோப்பை இறக்கினால் பெயர் கேள்விக்குறியாகவோ குப்பையாகவோ வருகிறது. சில நீளமான பெயர்களை ஏற்றவே முடியவில்லை.

பதில்: இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள்.

இறக்கும்போது பெயரைச் சொல்வது கன்டென்ட்-டிஸ்போசிஷன் ஹெடர். எச்டிடிபி ஹெடர்களில் தமிழ் எழுத்தை அப்படியே வைத்தால் வழியில் சிதையும். 2011இல் வந்த ஆர்எஃப்சி 6266 இதற்கு வழி சொல்கிறது: ஃபைல்நேம் என்ற அளவுருவில் சாதாரண ஆங்கிலப் பெயர் ஒன்று, அதோடு நட்சத்திரக் குறியுள்ள இன்னொரு ஃபைல்நேம், அதில் யூடிஎஃப்-8 என்று தொடங்கி, இரண்டு ஒற்றை மேற்கோள் குறிகள், பிறகு சதவீதக் குறியாக்கம் செய்த உண்மையான பெயர். இன்றைய பிரவுசர்கள் நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்ளும். ஜாவாவின் யூஆர்எல்-என்கோடரைக் கொண்டு குறியாக்கினால் இடைவெளிகள் கூட்டல் குறியாகிவிடும். அவற்றை %20 என்று மாற்றுங்கள். பெயரில் வரிமுறிவு எழுத்துகள் இருந்தால் குறியாக்கத்துக்கு முன்பே மறுத்துவிடுங்கள், ஹெடரை உடைத்து வேறொன்றைச் செருக அதுவே வழி.

நீளம் வேறு கணக்கு. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஒரு பெயருக்குத் தரும் இடம் 255 பைட். எழுத்தைக் கணக்கிடாது, பைட்டைத்தான் கணக்கிடும். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். "கோப்பு" நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு க, ஓகாரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி என்று ஆறு குறியீடு, 18 பைட். 85 குறியீட்டில் இடம் முடிந்துவிடும், அதிலும் நீட்சிக்கு விட வேண்டும். வட்டில் யூயூஐடியும் டேட்டாபேஸில் உண்மைப் பெயரும் என்று பிரித்துவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது.

அப்படிப் பிரித்தவர்களுக்கும் ஒன்று மிஞ்சும். ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். ஓகார, ஔகாரக் குறிகளும் அப்படியே. மேக்கிலிருந்து வரும் பெயர்கள் பிரித்த வடிவில் வரக்கூடும். கண்ணுக்கு "கொடி" இரண்டும் ஒன்று. டேட்டாபேஸில் தேடினால் அகப்படாது, லினக்ஸ் வட்டில் இரண்டு தனிக் கோப்புகள். உள்ளே வரும்போதே எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி வடிவுக்கு, அதாவது சேர்த்த வடிவுக்கு, மாற்றிவிடுங்கள். ஜாவாவில் நார்மலைசர், பைத்தானில் யூனிகோட்-டேட்டா.

கேள்வி: நிரல் வழியாக அனுப்பும் எம்பி4 வீடியோ ஐபோனில் ஓடவே மாட்டேன் என்கிறது. கணினியில் ஓடுகிறது, ஆனால் நடுவிலிருந்து பார்க்க முடியவில்லை.

பதில்: கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் ரேஞ்ச் கோரிக்கைக்கு உங்கள் நிரல் பதில் சொல்லவில்லை. சஃபாரி முதலில் 0-1 என்று இரண்டே பைட் கேட்டு ஆழம் பார்க்கும். 206 (பகுதி மட்டும்) பதிலும், "பைட்ஸ் 0-1/மொத்த அளவு" என்ற கன்டென்ட்-ரேஞ்ச் ஹெடரும் வந்தால்தான் மேலே போகும். 200 கொடுத்து முழு வீடியோவையும் கொட்டினால் கைவிட்டுவிடும். நீங்களே எழுதுவதென்றால், எல்லைக்கு வெளியே கேட்டால் 416, கோப்பு இடையில் மாறியிருந்தால் இஃப்-ரேஞ்ச் என்று வேலை நீளும். எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்டுக்கு மாறினால் இதை என்ஜின்எக்ஸ் பார்த்துக்கொள்ளும்.

மாறியும் தொடங்கத் தாமதமானால், எம்பி4இன் மூவ் என்ற அட்டவணை கோப்பின் வாலில் இருக்கலாம். எஃப்எஃப்எம்பெகில் மூவ்ஃப்ளாக்ஸ் ஃபாஸ்ட்ஸ்டார்ட் கொடுத்து, கோடெக்கை காப்பி என்று வைத்து ஓட்டினால் தரம் குறையாமல் அட்டவணை தலைக்கு வந்துவிடும்.

கேள்வி: 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு இறக்கும்போது அளவு தப்பாக வருகிறது.

பதில்: ஜாவாவின் செட்-கன்டென்ட்-லெங்த் இன்ட் (32 பிட் எண்) வாங்கும், அதன் உச்சம் 2,147,483,647. சர்வ்லெட் 3.1இல் லாங் வாங்கும் வடிவம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: படம் மட்டும்தான் ஏற்ற விடுகிறோம். எஸ்விஜியும் படம்தானே, அனுமதிக்கலாமா?

பதில்: எஸ்விஜி படமாகத் தெரியும், ஆனால் உள்ளே ஜாவாஸ்கிரிப்ட் வைக்க இடமுள்ள எக்ஸ்எம்எல். இமேஜ் டேகில் வந்தால் ஸ்கிரிப்ட் ஓடாது. அதே யூஆர்எல்லைத் தனியாகத் திறந்தால் ஓடும், உங்கள் தளத்தின் பெயரில் ஓடும். பார்ப்பவர் லாகினில் இருந்தால் அவர் செய்யக்கூடியதையெல்லாம் அந்த ஸ்கிரிப்டும் செய்யும். எச்டிஎம்எல் கோப்புக்கும் இதே ஆபத்து.

கூடிய மட்டும் பயனர் கோப்புகளை வேறொரு டொமைனிலிருந்தே கொடுங்கள். கூகுள் கூகுள்-யூசர்-கன்டென்ட் என்றும், கிட்ஹப் கிட்ஹப்-யூசர்-கன்டென்ட் என்றும் தனி டொமைன் வைத்திருப்பது இதற்குத்தான். துணை டொமைன் போதாது. குக்கீ மேல் டொமைனுக்கு எழுதப்பட்டிருந்தால் அங்கும் போய்ச் சேரும். அதோடு எக்ஸ்-கன்டென்ட்-டைப்-ஆப்ஷன்ஸில் நோஸ்னிஃப் (பிரவுசர் வகையை ஊகிக்காதிருக்க), படம் அல்லாதவற்றுக்கு அட்டாச்மென்ட் (திறக்காமல் இறக்க).

வகையை நீட்சியிலிருந்தோ, பிரவுசர் அனுப்பும் கன்டென்ட்-டைப்பிலிருந்தோ முடிவு செய்யாதீர்கள். இரண்டையும் அனுப்புவது பயனர். கோப்பின் முதல் பைட்டுகளைப் பாருங்கள்: ஜேபெக் 255, 216, 255 என்று தொடங்கும், பிஎன்ஜி 137, 80, 78, 71. அதுவும் முழு உறுதி அல்ல; தலையில் ஜேபெக்காகவும் வாலில் வேறாகவும் கோப்பு செய்ய முடியும். படத்தைத் திறந்து மறுபடி எழுதிச் சேமித்தால் ஒட்டிவந்தது பெரும்பாலும் உதிரும். படத்தோடு வரும் எக்ஸிஃப் குறிப்பில் ஒளிந்திருக்கும் இருப்பிடத் தகவலையும் அப்போதே நீக்கிவிடலாம்.

கேள்வி: பிஎச்பியில் பெரிய கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது அதே பயனருக்கு மற்ற பக்கங்கள் எதுவும் திறக்கவில்லை. பிறருக்குத் திறக்கிறது.

பதில்: செஷன் கோப்பின் பூட்டு: ஒரு கோரிக்கை அதை விடும்வரை அதே பயனரின் மற்றவை காத்திருக்கும். அனுமதியைச் சோதித்து முடித்ததும், கோப்பை அனுப்பத் தொடங்கும் முன் செஷன்-ரைட்-குளோஸ் அழையுங்கள்.

கேள்வி: தற்காலிக ஃபோல்டரில் எழுதி முடித்து, கிடங்குக்கு ரீநேம் செய்கிறோம். என் கணினியில் சரி. சர்வரில் கோப்பு நகரவே இல்லை, பிழையும் இல்லை.

பதில்: ரீநேம் ஒரே கோப்பு முறைமைக்குள்தான் நடக்கும். சர்வரில் டெம்ப் ஒரு மவுன்ட், கிடங்கு இன்னொரு மவுன்ட். ஜாவாவின் பழைய ரீநேம்-டு பிழை வீசாது, ஃபால்ஸ் என்று திருப்பிவிட்டுச் சும்மா இருக்கும். அந்த விடையை யாரும் பார்ப்பதில்லை. ஃபைல்ஸ்-மூவ் நகலெடுத்தாவது நகர்த்தும், ஆனால் நகலெடுக்கும் நேரத்தில் யாராவது கேட்டால் பாதிக் கோப்பு போகும். கிடங்குக்குள்ளேயே "வரத்து" என்று ஒரு ஃபோல்டர் வைத்து அங்கே எழுதி, முடிந்ததும் அட்டாமிக்-மூவ் கொடுத்து நகர்த்துங்கள்.

கேள்வி: வட்டில் 40 சதவீதம் காலி என்கிறது டிஎஃப் கட்டளை. ஆனால் இடமில்லை என்று அப்லோட் தோற்கிறது.

பதில்: "டிஎஃப் -ஐ" தட்டிப் பாருங்கள், ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய பதிவிடம்) தீர்ந்திருக்கும். ஈஎக்ஸ்டி4 உருவாகும்போதே முன்னிருப்பாக 16,384 பைட்டுக்கு ஒரு ஐநோடு என்று ஒதுக்கிவிடும். 100 ஜிபிக்குச் சுமார் 65 லட்சம். ஒவ்வொரு படத்துக்கும் நான்கைந்து சின்னச் சின்ன தம்ப்நெயில் செய்து வைத்தால் இடம் தீருமுன் எண்ணிக்கை தீரும். விகிதத்தைப் பின்னால் மாற்ற முடியாது. தேவையற்ற தம்ப்நெயிலை அழியுங்கள், அல்லது எக்ஸ்எஃப்எஸ் வட்டுக்கு மாறுங்கள். அது ஐநோடுகளைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும்.

கேள்வி: பேக்கப்பில் டேட்டாபேஸ் முதலா, கோப்புகள் முதலா?

பதில்: டேட்டாபேஸ் முதல். அப்லோடின்போது கோப்பு வட்டில் சேர்ந்தபிறகே டேட்டாபேஸில் வரி எழுதுகிறீர்கள் என்றால், டேட்டாபேஸ் நகலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் உரிய கோப்பு அந்நேரம் வட்டில் இருக்கும். பின்னால் எடுக்கும் கோப்பு நகலில் அது சேர்ந்துவிடும். இடைப்பட்ட நேரத்தில் வந்த சில கோப்புகள் வரியில்லாமல் கூடுதலாகக் கிடக்கும், அவற்றால் கேடில்லை. வரிசையை மாற்றினால் வரி இருக்கும், கோப்பு இருக்காது.

அழிக்கும்போது நேர்மாறு: வரியை முதலில் நீக்கி, கோப்பை ஒரு வாரம் கழித்து அழியுங்கள். இல்லையென்றால் டேட்டாபேஸ் நகலுக்கும் கோப்பு நகலுக்கும் நடுவில் அழிந்த கோப்பு, மீட்டெடுக்கும் நாளில் 404 ஆக வந்து நிற்கும்.